வங்கி குடிவந்த வீடு

செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் இடையே ஓடும் அரசுப் பேருந்தில் பச்சைமுத்து கண்டக்டராக இருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்தப் பேருந்தில் ஒருவகைப் பயணிகள் ஏறுவார்கள். செஞ்சியில் வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அவர்கள். போகும்போது சாதாரணமாகத்தான் போவார்கள். திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிடுவார்கள். சட்டைப்பையில் பணத்தை வைத்துக்கொண்டு பேருந்தில் தூங்கக்கூடியவர்கள் இவர்கள் மட்டும்தான் என்பதைப் பச்சைமுத்து பல வருடங்களாகக் கவனித்து வந்தார். பணத்தின் மீது அவருக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. அந்தத் தூக்கத்தின் மீது இருந்தது.

ஆகவே ஓய்வுபெற்றுப் பணம் கைக்கு வந்ததும், திருவண்ணாமலை சாலையில் விலைக்கு வந்த ஒரு கட்டடத்துக்கு முன்பணம் கொடுத்தார். தரைத்தளம் மட்டும்தான். பெரிய கூடம், பின்னால் ஓர் அறை, மேலே மொட்டை மாடி. கூடத்தில் ஷோபனா என்ற பெண் தையல்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள். வாடகை வந்துகொண்டிருக்கும் கட்டடம் என்பதால், மீதிப் பணத்தைக் கடனாகக் கொடுக்க எந்த வங்கியும் தயங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால் கடன் வாங்காதவர்கள்.

பொற்கலசம் வங்கியின் செஞ்சிக் கிளை அப்போது கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. மேலாளர் சுந்தரமூர்த்தி மிகவும் மென்மையாகப் பேசுகிறவர். ஓடும் பேருந்தில் நின்றே பழகியதால் பச்சைமுத்துவுக்கு அவர் எதிரில் உட்காரத் தோன்றவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாடகை ஒழுங்கா வருது சார். அந்தப் பொண்ணு மாசம் பொறந்தா குடுத்துடுது."

"எப்படிக் குடுக்குறாங்க?"

"கையிலதான் சார்."

மேலாளர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "கையில குடுத்தா அது வாடகை இல்ல சார்."

"பின்ன இன்னா சார் அது?"

"அது உங்களுக்குள்ள இருக்குற ஒரு பழக்கம். பேங்க் கண்ணுக்கு அது தெரியாது."

"அக்கவுண்ட்ல போடச் சொல்றேன் சார்."

"போட்டா தெரியும். ஆனா நம்ப மாட்டோம். நாளைக்கு அந்தம்மா மெஷினத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா? பேங்க் ரிஸ்க் எடுக்க முடியாது சார். ரிஸ்க் எடுக்கறதுக்குத்தான் கஸ்டமருங்க இருக்காங்க."

இதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகப் பச்சைமுத்துவுக்குத் தோன்றியது. என்ன நியாயம் என்று பிடிபடவில்லை. 

"அப்ப எந்த மாதிரி டெனன்ட் இருந்தா நம்புவீங்க சார்?"

சுந்தரமூர்த்தி கண்களை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. அவர் தூங்கிவிட்டாரோ என்று பச்சைமுத்து பயந்தார். பிறகு கண்களைத் திறக்காமலேயே மேலாளர் சொன்னார்: "ஒரு பேங்க் இருந்தா நம்புவோம்."

அந்த நேரத்தில் வங்கியும் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தது. உரக்கடைக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். "ஓனரு சரியில்ல சார்" என்றார் மேலாளர். "வாடகைக்கு ரொம்ப அவசரப்படுறாரு. ஒரு நிறுவனத்துக்கிட்ட எப்படி நடந்துக்கணும்னே தெரியல." அவசரப்படுவது தவறுதான் என்று பச்சைமுத்து ஒப்புக்கொண்டார்.

பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தசாமி விஷயத்தைக் கேட்டதும் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். செஞ்சியில் ஒருவருடைய கட்டடத்துக்கு வங்கி குடிவருவதென்றால், அவர் வீட்டுக்கு மாவட்ட ஆட்சியர் மாப்பிள்ளையாக வருவது மாதிரி. "உனக்கு இன்னாப்பா கொற இனிமே" என்றார் கோவிந்தசாமி. "சுண்ணாம்பு கூட அவனே அடிச்சிக்குவான். வாடகைக்குப் போயி நிக்க வேணாம். பணம் இருக்குற எடமே உன் வூட்லதான இருக்குது."

ஷோபனாவிடம் சொல்லப் போனபோது அவள் பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு ஊசியைக் கழுத்துத் தாலிக்கயிற்றில் குத்திக்கொண்டாள்.

"நான் ஒரு மாசம் பாக்கி வச்சிருக்கனாண்ணே?"

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. பேங்க்குக்கு உன்னைத் தெரியலயாம்."

"எனக்கு அவங்களத் தெரியுமே. மேனேஜரு பேண்ட்டுக்கு ஜிப்பு மாத்துனது நான்தான். காசு அப்பறமாத் தரேன்னு போனாரு." அவள் மறுபடியும் ஊசியை எடுத்தாள். "சின்ன காசுதான். மறந்திருப்பாரு."

சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது பச்சைமுத்து வழக்கமாக விசில் ஊதிவிடுவார். இப்போது விசிலும் கையில் இல்லை. அந்த வாரமே அவள் மெஷின்களை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வல்லத்துக்குப் போய்விட்டாள். நாளைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று மேலாளர் சொன்னது சரியாகப் போயிற்று.

அடுத்து, சொத்தை மதிப்பிட எழிலரசன் என்ற பொறியாளரை வங்கி அனுப்பியது. அவர் அளக்கவில்லை, பல கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று செல்பேசியில் பதிவு செய்தார். 'சொத்துக்கு அருகில் பாதுகாப்பு ஏற்பாடு உண்டா' என்று ஒரு கேள்வி வந்தது. தலைமை அலுவலகம் கேட்டது கேமராவைப் பற்றி. எழிலரசன் நேர்மையானவர். நிமிர்ந்து மேற்கே பார்த்தார். 'உண்டு. கோட்டை, மதில், அகழி. உச்சியில் பீரங்கி' என்று பதிவு செய்தார்.

ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகம் கேட்டது: 'கோட்டையின் உரிமையாளர் நமது வாடிக்கையாளரா?' இல்லை என்று மேலாளர் பதில் அனுப்பினார். 'பழைய உரிமையாளர்கள் தற்போது அந்த முகவரியில் இல்லை' என்றும் சேர்த்துக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் கழித்து, மேற்படி கோட்டை பலமுறை முற்றுகையிடப்பட்டுக் கைமாறியிருப்பதாகத் தெரியவருவதால், அந்த ஊர்ச் சொத்துகளுக்கு வட்டியைக் கால் சதவீதம் கூட்டும்படி உத்தரவு வந்தது.

"அதெல்லாம் எந்தக் காலத்துலயோ நடந்தது சார்" என்றார் பச்சைமுத்து.

"ஹெட் ஆபீஸுக்கு நேத்துதானே சார் தெரிஞ்சிது."

அதற்குப் பிறகு பெட்டக அறை. வங்கி குடிவர வேண்டுமென்றால் பின்னறையை உடைத்துவிட்டு, கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் உள்ள அறையாகக் கட்டித் தர வேண்டும். கட்டிக் கொடுக்க வேண்டியவர் கட்டட உரிமையாளர். அதற்குப் பணம் இல்லையென்றால் வங்கியே கூடுதல் கடன் கொடுக்கும். கூடுதல் கடனுக்குக் கூடுதல் ஈடு வேண்டும்.

"உங்க சொந்த வீடு ஒண்ணு வல்லம் ரோட்ல இருக்குதுல்ல?" என்றார் மேலாளர், நலம் விசாரிப்பது போல.

அந்த வீடு இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்டது. கொத்தனாருக்கு மட்டும் கூலி கொடுத்து, சித்தாளுக்குக் கொடுக்க இல்லாமல், பச்சைமுத்துவின் மனைவி மீனம்பாளே மணல் சலித்து, சிமெண்டு குழைத்து, கல் சுமந்து கட்டியது. எந்தச் சுவரில் எந்த இடத்தில் கலவை குறைவு என்று அவளுக்குத் தெரியும். பத்திரத்தை எடுக்க அவர் பெட்டியைத் திறந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதைக் கட்டும்போது எந்த பேங்க்கும் வந்து ஒரு சட்டி தூக்கல."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் வாங்கி வைக்கிறாங்களாம். நம்ம கட்டடத்துலயே அவங்க இருக்கப்போறாங்க. வாடகை வந்தா தவணை அதுவாவே கட்டிக்கும்."

"பேச்சுக்குன்னா பேசிட்டுப் போவ வேண்டியதுதான. கையெழுத்து இன்னாத்துக்கு?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் போய்விட்டாள். பத்திரம் மேசைமேல் கிடந்தது. கையெழுத்து மறுநாள் ஆயிற்று.

புதிய கிளையின் திறப்புவிழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பந்தல் செலவு உரிமையாளருடையது. பச்சைமுத்துவுக்குச் சந்தன மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சுந்தரமூர்த்தி ஒலிபெருக்கியில் பேசியபோது அவருடைய குரலில் ஈரம் இருந்தது.

"பெரியோர்களே, எங்க பேங்க் இத்தனை வருஷத்துல யாரையும் நம்பி ஏமாந்ததே கிடையாது. ஏன்னா நாங்க யாரையும் நம்புனது கிடையாது. ஆனா மக்கள் எங்களை நம்புறாங்க. அந்த நம்பிக்கைதான் எங்க மூலதனம். அதுக்கு வட்டி கூடத் தர வேண்டியது இல்ல. எங்ககிட்ட வந்த ஒருத்தர் கூட எங்களை விட்டு வெளிய போனது இல்ல. வெளிய போகணும்னு கேட்டவங்க இருக்காங்க. அவங்களுக்கான நடைமுறைய ஹெட் ஆபீஸ் இன்னும் வகுக்கல."

கூட்டம் கை தட்டியது. பச்சைமுத்துவும் தட்டினார்.

முதல் மாதம் அவர் தவணைச் செய்தியைத்தான் முதலில் பார்த்தார். காலையிலேயே செல்பேசியில் வந்துவிட்டது. வாடகையைப் பற்றிச் செய்தி எதுவும் இல்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்தார். அவசரப்படுகிற ஓனர் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது. பிறகு மெல்ல வங்கிக்குப் போனார். மேலாளர் எழுந்து வந்து வரவேற்றார்.

"ஓனர் சார், வாங்க. நானே கூப்பிடலாம்னு இருந்தேன். டாய்லெட் அடச்சிக்கிச்சி."

யாரும் அவரை அதுவரை ஓனர் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த மகிழ்ச்சியில் ஆளைக் கூட்டிவந்து அடைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு மறுபடியும் மேசைக்கு வந்தார். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. அன்று அவர் களைப்பில் இடது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தவணைக்குப் பணம் பத்தல சார். வாடகை வந்தா..."

"அது வாடகை விஷயம். இந்த நாற்காலி லோனுக்கு" என்றார் மேலாளர். "அந்தப் பக்கம் மாறி உக்காருங்க."

அவர் வலது நாற்காலிக்கு மாறினார். மேலாளர் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு முகத்தோடு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க ஓனர் சார். இப்ப நான் டெனன்டாப் பேசுறேன்."

"வாடகை வரல சார்."

"வரும். பேங்க் குடுக்காம எங்க போகப்போகுது? ஹெட் ஆபீஸ்ல கட்டடப் பிரிவு ஒப்புதல் தரணும். அவங்க வாடகைய ஏத்துக்கறதுக்கு முன்னால ஓனரோட நிதி நிலைமையப் பாப்பாங்க. உங்க நிலைமை இப்ப சரியில்லன்னு எங்க கடன் பிரிவு ரிப்போர்ட் குடுத்திருக்கு."

"எதனால சார்?"

"அதுக்கு நீங்க அந்த நாற்காலிக்குப் போகணும்."

அவர் மாறி உட்கார்ந்தார். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தவணை கட்டலயே சார் நீங்க."

பச்சைமுத்து இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு வர வேண்டிய வாடகைய என் கடன்லயே கழிச்சிக்கக்கூடாதா சார்? ஒரே பேங்க்குதான."

சுந்தரமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க சார். குடுக்குற வரைக்கும் அது பேங்க் பணம். பேங்க் பணத்த எடுத்து உங்க கடனை அடைக்கறதுன்னா அதுக்குப் பேரே வேற."

அப்படியானால் ஒரு குற்றத்தைச் செய்யும் இடம் வரை வந்துவிட்டுத் தப்பியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பச்சைமுத்து வீட்டுக்கு நடந்தார்.

மாதங்கள் இப்படிப் போயின. கட்டடப் பிரிவின் ஒப்புதல் ஒருமுறை கிளம்பியும் விட்டது. ஆனால் அன்று பார்த்துக் கோட்டைப் பக்கமிருந்து வந்த குரங்குகள் மொட்டை மாடியில் இருந்த வங்கியின் கம்பிவடத்தைப் பிடுங்கி ஊஞ்சல் ஆடியதில் இணைப்பு அறுந்து, ஒப்புதல் வந்து சேரவில்லை. குரங்கு கட்டடத்தைச் சேர்ந்ததா, வானிலையைச் சேர்ந்ததா என்று தலைமை அலுவலகத்தில் ஆலோசித்தார்கள். வானிலையைச் சேர்ந்ததென்றால் காப்பீடு. கட்டடத்தைச் சேர்ந்ததென்றால் ஓனர். குரங்கு மாடிப்படியைப் பயன்படுத்தியதை எழிலரசன் உறுதிசெய்ததால் அது கட்டடத்தைச் சேர்ந்தது என்று முடிவாயிற்று. இணைப்பு இல்லாத நாட்களின் இழப்பை, பின்னால் எப்போதாவது கொடுக்கப்போகும் வாடகையில் கழித்துக்கொள்வதாகக் கடிதம் வந்தது. கொடுக்காத வாடகையில் கழித்ததைப் பற்றிக் கோவிந்தசாமியிடம் சொன்னபோது அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப நீ அவனுக்குத் தரணுமா?"

"அப்படித்தான் போலிருக்குது."

"உரக்கடைக்காரனக் கேட்டுட்டு விட்டிருக்கலாமேய்யா."

"நீதானப்பா இனிமே இன்னா கொறன்னு சொன்ன."

"நான் டீக்கடைக்காரன்யா. நான் சொல்றதக் கேட்டுக்கிட்டா பேங்க்குக்கு வூடு விடுவாங்க?" என்றார் கோவிந்தசாமி. டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

தவணைகள் தொடர்ந்து தவறியதால், கட்டடத்தின் இன்றைய மதிப்பைப் பார்க்க வங்கி மறுபடியும் எழிலரசனை அனுப்பியது. அவர் வங்கிக்குள்ளேயே உட்கார்ந்து வங்கியின் தண்ணீரைக் குடித்துவிட்டு அறிக்கை கொடுத்தார். கட்டடம் உறுதியானது, அமைவிடம் நல்லது, ஆனால் இதில் வாடகையே கொடுக்காத, காலி செய்யவைப்பதும் கடினமான ஒரு குடித்தனக்காரர் இருப்பதால் மதிப்பு பாதிக்கு மேல் குறைகிறது. இப்படிப்பட்ட குடித்தனக்காரர் இருக்கும் கட்டடத்தை ஏலத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

"அது நீங்கதான சார்" என்றார் பச்சைமுத்து. அன்று அவர் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை.

"நான் படிச்சப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சி" என்றார் மேலாளர். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "ஆனா ரிப்போர்ட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. இந்தக் கட்டடத்த வச்சிக் கடன வசூல் பண்ண முடியாதுன்னு ஆயிடுச்சி. வல்லம் ரோட்டு வீட்லதான் பிரச்சன பண்ற டெனன்ட் யாரும் இல்ல."

"அதுல நாங்கதான சார் இருக்குறோம்."

"அதத்தான் சார் சொல்றேன். நீங்க பிரச்சன பண்ண மாட்டீங்க."

அவர் சொன்னது சரி. அவர்கள் பிரச்சினை பண்ணவில்லை. வீட்டை வங்கி எடுத்துக்கொண்ட அறிவிப்பைக் கதவில் ஒட்ட மேலாளரே இரண்டு பேரோடு வந்தார். பசை கொண்டுவர மறந்துவிட்டார்கள். மீனம்பாள் சமையற்கட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் சோற்றுக் கஞ்சியைக் கொண்டுவந்து திண்ணைமேல் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று பச்சைமுத்து கேட்கவில்லை. வந்தவர்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். தாள் நன்றாக ஒட்டிக்கொண்டது.

வாசலில் நின்றுகொண்டே மேலாளர் ஒரு சலுகையைச் சொன்னார். ஏலம் முடியும்வரை வீடு காலியாகக் கிடந்தால் பாழாகிவிடும். வங்கி அதை வாடகைக்கு விட விரும்புகிறது. நம்பகமான ஆள் வேண்டும். வேறு யாரையும் யோசிக்கவே தோன்றவில்லை. வாடகை மாதம் பிறந்ததும் வந்துவிட வேண்டும். முதல் மாதத்துக்கு இப்போதே.

பச்சைமுத்து யோசித்தார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் முறை என்று இத்தனை மாதங்களில் பழகிப்போயிருந்தது. "கொஞ்சம் டயம் ஆவும் சார். ஒப்புதல் கேட்டுட்டுத் தரட்டுமா?"

"யாருகிட்ட சார் ஒப்புதல்?"

"உங்களுக்கு ஹெட் ஆபீஸ் மாதிரி..."

"சார், நீங்க தனி மனுஷன்" என்றார் சுந்தரமூர்த்தி, மிகுந்த அன்போடு. "உங்களுக்கு ஏது ஹெட் ஆபீஸ்?"

பச்சைமுத்து திரும்பி உள்ளே பார்த்தார். மீனம்பாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

அடுத்த மாதம் பென்ஷன் வந்த அன்றே வங்கிக்குப் போய் வாடகையைக் கட்டினார். அதற்கு அடுத்த மாதமும் கட்டினார். டிசம்பர் பிறந்தபோது மூன்றாவது முறையாகப் போனார். அன்று மேலாளர் தன் அறையிலிருந்து வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஊழியர்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவரப் பாத்துக்குங்க. ஒரு நாள் முன்ன பின்ன ஆனது கிடையாது. ஒரு குறை சொன்னது கிடையாது. குடித்தனக்காரர்னா எப்படி இருக்கணும்னு நம்மள மாதிரி ஆளுங்களே இவருகிட்டதான் கத்துக்கணும்."

ஊழியர்கள் கை தட்டினார்கள். பெரிய கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கும், தடித்த தாளில் அச்சிட்ட புதுவருடக் காலண்டர் ஒன்றைச் சுருட்டி, ரப்பர் போட்டு, மேலாளர் தன் கையாலேயே அவரிடம் கொடுத்தார்.

பச்சைமுத்து வல்லம் சாலையில் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார். காலண்டரை விரித்து மேசைமேல் வைத்தார். மூலைகள் சுருண்டுகொண்டே இருந்தன.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள் மீனம்பாள்.

"நம்மள மாதிரி குடித்தனக்காரங்க கெடைக்கமாட்டாங்களாம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கொஞ்சம், மிகக் கொஞ்சம், சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு யார்மீது கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. வெளியே ஒரு பேருந்து நின்று கிளம்பிப் போன சத்தம் கேட்டது.

அவர் எழுந்து ஓர் ஆணியையும் சுத்தியலையும் தேடி எடுத்துக்கொண்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார். ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"இருங்க" என்றாள் மீனம்பாள். "ஓனரக் கேக்காம செவுத்துல ஆணி அடிக்காதீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் சொல்வது போலத்தான் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் ஆணியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு சுத்தியலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குப் போயி கேட்டுட்டு வரேன்" என்றார்.